உவர்க்கும் வியர்வை

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



சமயத்தையும் தமிழையும் பேணுவதற்கென்று எழுந்த ஒரு சங்கத்தின் மேடையிலே சுவாசப்பை நோயொன்றைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். உடம்பைப் பேணுவதும் உயிரைப் பேணுவதும் வேறல்ல என்பதே நம் சைவப் பெரியார் கண்ட முடிபு. அன்றியும், இன்று நாம் எடுத்துக்கொண்ட நோய் மருந்தினால் மாத்திரம் வெல்லத்தக்கதன்று. முதலில் அது இன்னதென்று கண்டறியப்பட வேண்டும். கண்டறிவதற்கு வசதிக்குறைவு ஒரு தடை. அதனோடு நாணம், அயலார் பேச்சுக்கு அஞ்சும் அச்சம், 'எல்லாம் விதி' என்ற சோர்வு ஆகிய தடைகளும் உண்டு. வசதிக்குறைவை நீக்குவது அரசாங்கத்தின் கடமை. மற்றவற்றை நீக்குவது நம்போன்ற சங்கங்களின் கடமை. ஆகவேதான் இப்பொருளை இங்கே பேசத் துணிந்தோம். நாம் வைத்தியர் அல்லோம். வைத்தியர்கள் எழுதியவற்றைக் கற்று, விளங்கிய அளவிலே சொல்லுகின்றோம்.

அந்நோயின் பெயர் சிஸ்டிக் பைப்ரோசிஸ். பெயர் நாவுக்குப் பழக்கமற்றது. ஆயினும் அதன் தன்மையை விளக்குவது கடினமன்று. சுகதேகியான ஒருவரின் மூச்சுக்குழாய்களின் உட்சுவரிலே மெல்லிய நீர்ப்படலம் ஒன்று உண்டு. அதன்மேல் சளி படர்ந்திருக்கிறது. கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய மயிர்கள் ஓயாமல் அசைந்து, தூசியையும் கிருமிகளையும் அச்சளியோடு சேர்த்து மேலே தள்ளிவிடுகின்றன. தோட்டத்துக்கு நீர் இறைப்பவர்களுக்கு இது நன்கு விளங்கும். வாய்க்காலிலே நீர் ஓடும்வரை குப்பை தங்குவதில்லை. நீர் வற்றிச் சேறாகிவிட்டால் எல்லாம் தேங்கும். இந்நோயாளரின் மூச்சுக்குழாய்களிலே நிகழ்வது இதுவே. சளி வற்றிப் பசைபோலாகி அடைத்துக்கொள்ளுகிறது. அதிலே கிருமிகள் குடியேறுகின்றன. ஆண்டுகள் செல்லச் செல்லச் சுவாசப்பை சிதைகிறது.

தீங்கு சுவாசப்பையோடு நின்றுவிடுவதுமில்லை. சதையியிலிருந்து சமிபாட்டு நீரைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் சிறு குழாய்களும் அடைபடுகின்றன. அதனாலே உண்ட கொழுப்புச் சமிப்பதில்லை. பிள்ளை வயிறார உண்டும் மெலிகிறது. வியர்வையிலோ உப்பு மிகுதியாக வெளியேறுகிறது. மூச்சு, உணவு, வியர்வை என்னும் மூன்றும் ஒரே நோயினால் கெடுகின்றன என்பதை உலகம் உணர்வதற்கு நெடுங்காலம் சென்றது.

பழைய ஐரோப்பாவிலே, நெற்றியில் முத்தமிட்டால் உப்புக் கரிக்கும் குழந்தை நெடுநாள் வாழாது என்ற நம்பிக்கை பாமர மக்களிடையே வழங்கிற்று. அக்குழந்தையைச் சூனியம் பற்றியது என்று சொன்னார்களாம். தாய்மாரின் உதடு அறிந்ததை வைத்திய நூல் அறியவில்லை. 1938ஆம் ஆண்டிலேதான் நியூயோர்க் நகரத்துக் குழந்தைகள் வைத்தியசாலையொன்றில் நோயியல் அறிஞராயிருந்த டொரதி அண்டர்சன் என்னும் அம்மையார் இந்நோயைத் தனிநோயாக வகுத்துக் காட்டினார். பெண் என்ற காரணத்தால் சத்திரசிகிச்சைப் பயிற்சிக்கு இடம் மறுக்கப்பட்டு, நோயியல் துறைக்கு வந்தவர் அவர். வேறொரு குடல்நோயினால் இறந்ததாகக் கருதப்பட்ட ஒரு குழந்தையின் உடலைப் பரிசோதித்தபோது சதையியிலே விசேட மாற்றத்தைக் கண்டார். கண்டவர் அதோடு அமையவில்லை. பழைய பதிவேடுகளைத் தேடி, அத்தகைய 49 பேரின் வரலாறுகளைத் திரட்டி வெளியிட்டார். மாண்ட பிள்ளைகளின் குறிப்புகள் வாழவேண்டிய பிள்ளைகளுக்கு வழிகாட்டியாயின.

1948ஆம் ஆண்டு கோடையிலே நியூயோர்க் நகரைக் கடும் வெப்பம் வாட்டியது. வெப்பந் தாங்காமற் சோர்ந்து வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளிற் பலர் இந்நோயுடையவர்களாயிருந்தனர். இது தற்செயலன்று என்று கண்ட போல் டி சாண்டாக்னீஸ் என்னும் வைத்தியர் ஆராய்ந்து, இக்குழந்தைகளின் வியர்வையிலே உப்பு மிகையாக இருப்பதை 1953இல் நிறுவினார். பாட்டிமார் சொன்னது பரிசோதனைச்சாலையில் உறுதியாயிற்று. 1959ஆம் ஆண்டிலே கிப்சன், குக் என்னும் இருவர், வியர்வையைப் பாதுகாப்பாகச் சேகரித்து அளக்கும் முறையை வகுத்தனர். இன்றும் இந்நோயைத் தீர்மானிக்கும் முதன்மையான சோதனை அதுவே.

அச்சோதனை எவ்வளவு எளியது என்பதை நீங்கள் அறிய வேண்டும். வியர்வையைத் தூண்டும் பைலோகார்ப்பின் என்னும் மருந்தை முன்கையிலே வைத்து, மிகச் சிறிய மின்னோட்டத்தினால் தோலுக்குள் செலுத்துகிறார்கள். பின் அரைமணி நேரம் வியர்வை சேகரிக்கப்படுகிறது. ஊசி குத்துவதில்லை, சத்திரம் வைப்பதில்லை. ஒரு லீற்றர் வியர்வையிலே குளோரைட்டு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்நோய் என்று கொள்ளப்படும். 30க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் இந்நோயன்று. இடைப்பட்டு இருந்தால் மேலும் ஆராய்வார்கள். பல ஆண்டுத் துன்பத்துக்குப் பெயர் சூட்ட அரைமணி நேர வியர்வை போதுமென்றால், அச்சோதனை நடைபெறாமற் போகும் ஒவ்வோர் ஆண்டும் எத்துணை வீண் என்று எண்ணிப் பாருங்கள்.

வியர்வையில் உப்பு ஏன் மிகுகிறது? இதற்கு விடை கண்டவர்களுள் ஒருவர் தாமே இந்நோயாளர் என்பது வியப்புக்குரியது. போல் குவிண்டன் என்பது அவர் பெயர். அமெரிக்காவிற் பிறந்தவர். இளமை முதல் இருமலோடு வாழ்ந்தவர். கல்லூரி மாணவராயிருந்தபோது நூல்நிலையத்துக்குச் சென்று தம் நோயைப் பற்றிப் படித்தார். அங்கே கண்ட இலக்கணமெல்லாம் தமக்குப் பொருந்துவதை உணர்ந்தார். அந்நாளைய நூல்கள் இந்நோயாளருக்கு நீண்ட ஆயுளைக் கூறவில்லை. அவரோ மனம் இடியாமல் அந்நோயையே ஆராய்ச்சிப் பொருளாக்கிக்கொண்டார். வியர்வைச் சுரப்பியின் குழாய்ச்சுவர் குளோரைட்டை உட்புக விடாமையே உப்பு மிகுவதற்குக் காரணம் என்று 1983இல் வெளியிட்டார். தன் நோய்க்குப் பெயர் தெரிந்தவன் அதனோடு போராடவும் கூடும், அதனைக் கற்பிக்கும் ஆசிரியனாகவும் கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று நாம் அறியோம்.

1989ஆம் ஆண்டிலே கனடாவின் ரொறன்ரோ நகரிலிருந்த லாப் சீ சூய், ஜோன் ரியோர்டன் ஆகியோரும், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்த பிரான்சிஸ் கொலின்சும் தம் குழுவினரோடு சேர்ந்து இந்நோய்க்குரிய பரம்பரையலகைக் கண்டுபிடித்தனர். அது ஏழாவது நிறமூர்த்தத்தில் உள்ளது. அதன் கட்டளைப்படி 1,480 அமினோவமிலங்கள் கோத்த ஒரு புரதம் உருவாகிறது. உயிர்க்கலத்தின் சுவரிலே குளோரைட்டுச் செல்லும் வாயில் அப்புரதமே. ஐரோப்பிய வழியினரான நோயாளரிற் பெரும்பாலாருக்கு அம்மாலையின் 508ஆவது மணி ஒன்றுமாத்திரம் இல்லை. ஆயிரத்து நானூற்றெண்பதில் ஒன்று குறைந்ததனால் வாயில் அடைபடுகிறது; ஒரு குடும்பத்தின் நித்திரை போய்விடுகிறது. இப்பரம்பரையலகில் ஏற்படத்தக்க மாற்றங்களாக இன்று இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவை எண்ணப்பட்டுள்ளன.

இந்நோய் எவ்வாறு வழிவழி வருகிறது? நாம் ஒவ்வொருவரும் தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாகப் பரம்பரையலகுகளைப் பெறுகின்றோம். ஒன்று பழுதாயிருந்தாலும் மற்றையது செவ்வையாயிருந்தால் நோய் இல்லை. அவ்வாறானவர் 'காவி' எனப்படுவர். அவர் நம்மைப்போல் ஓடியாடி உழைத்து முதுமையடைவார். தம்மிடம் ஒரு பழுது இருப்பதையே அறியார். தாயும் தந்தையும் இருவருமே காவிகளாயிருந்தால், ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் நாலில் ஒரு பங்கு நோயுள்ள பிள்ளை பிறக்க இடமுண்டு. நாலில் இரு பங்கு பிள்ளை காவியாகும். நாலில் ஒரு பங்கு முற்றிலும் நலமாகும். முதற்பிள்ளைக்கு வந்துவிட்டபடியால் அடுத்த மூவருக்கும் வராது என்று கணக்கிடுவது தவறு. ஒவ்வொரு முறையும் கணக்குப் புதிதாகவே தொடங்குகிறது.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. இந்நோய் தாயால் மாத்திரம் வருவதன்று. தந்தையால் மாத்திரம் வருவதுமன்று. இருவரும் சரிபாதி கொடுத்தாலன்றி இது தோன்றாது. நோயுள்ள பிள்ளையைப் பெற்றதற்காக மருமகளைக் குறைகூறும் மாமியார் தம் மகனும் அதே அளவு கொடுத்திருக்கிறான் என்பதை அறிய வேண்டும். அவனுக்கு அதைக் கொடுத்தவர் தாமாகவோ தம் கணவராகவோ இருக்கலாம் என்பதையும் அறிய வேண்டும். ஆகவே இங்கே குற்றவாளி என்று எவருமில்லை.

இனி, இந்நோய் கண்டறியப்படத் தாமதிப்பது ஏன் என்று பார்ப்போம். இது வெள்ளையரின் நோய், இந்திய உபகண்டத்திலே இல்லை என்ற எண்ணம் வைத்திய உலகிலேயே நெடுங்காலம் நிலவியது. பிரித்தானியாவிற் குடியேறிய உபகண்டத்துக் குடும்பங்களின் பிள்ளைகளிடத்தும், பின்னர் இந்தியாவிலே வைத்தியர்கள் தேடியபோதும் இது காணப்பட்டது. ஐரோப்பியரிடையே உள்ள அளவுக்கு இல்லையெனினும், இல்லவே இல்லை என்பது பிழை. தேடாத இடத்தில் எதுவும் அகப்படாது. நம் நாடுகளிலே நீண்ட இருமல் என்றால் கசரோகம் என்றோ, தொய்வு என்றோ கருதுவர். பிள்ளை மெலிந்தால் பூச்சி என்பர். வயிறு கழிந்தால் உணவு ஒவ்வாமை என்பர். ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு மருந்து கொடுப்பார்கள். மூன்றையும் சேர்த்துப் பார்ப்பவர் இல்லாமையால் ஆண்டுகள் கழிகின்றன. கசரோகமும் தொய்வும் நம்மிடையே மிகுதியாக உள்ளவையாதலால் வைத்தியர் முதலில் அவற்றை நினைப்பது இயல்பே. ஆயினும் அம்மருந்துகளாற் குணம் காணாதபோது மேலும் தேட வேண்டுமென்பதே நாம் வற்புறுத்துவது.

ஆகையால் பெற்றோர் சில அடையாளங்களை மனத்திற் கொள்க. பிறந்த குழந்தைக்கு முதன்மலம் வெளியேறாமற் குடல் அடைபடுதல். நன்றாகப் பால் குடித்தும் உணவு உண்டும் நிறை கூடாமை. மலம் எண்ணெய்ப்பசையோடு மிகுந்த நாற்றமுடையதாயிருத்தல். அடிக்கடி சளிச்சுரம் வருதல். தீராத ஈர இருமல். மூக்கினுள் சதை வளர்தல். விரல்நுனி பருத்து நகம் வளைதல். முத்தமிட்டால் உப்புக் கரித்தல். வெயிலிற் சீக்கிரம் சோர்ந்து விழுதல். இவற்றுள் ஒன்று இருந்ததும் பயங்கொள்ள வேண்டியதில்லை. சில சேர்ந்து காணப்பட்டால் வைத்தியரிடம் அனைத்தையும் ஒருங்கே சொல்லுங்கள். 'பிள்ளையின் நெற்றி உவர்க்கிறது' என்று சொல்ல எந்தத் தாயும் நாணவேண்டாம். அந்த ஒரு வார்த்தை எக்ஸ்கதிர்ப் படத்திலும் பெறுமதியுடையதாகலாம். குடும்பத்திலே முன்பு குழந்தைகள் இருமலினாலோ மெலிவினாலோ இறந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

சில நாடுகளிலே பிறந்த குழந்தையின் குதிக்காலில் ஒரு துளி இரத்தம் எடுத்து இந்நோயைத் தேடுகிறார்கள். அதற்குரிய முறை 1979இல் நியூசிலாந்திலிருந்து வெளியாயிற்று. பிரித்தானியா முழுவதிலும் 2007 முதலும், அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் 2010 முதலும் அது நடைபெறுகிறது. அங்கே குழந்தை இருமத் தொடங்கு முன்னரே நோய் தெரிந்துவிடுகிறது. அவ்வசதி இல்லாத இடங்களிலே தாயின் கவனமே முதற்சோதனை.

நோய் தெரிந்த பின்னர் வாழ்வு எவ்வாறிருக்கும்? 1950ஆம் ஆண்டுகளிலே இக்குழந்தைகளிற் பலர் பள்ளிக்கூடத்தைக் காணாமலே மறைந்தனர். 1957இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிலே லீறோய் மத்தியூஸ் என்னும் வைத்தியர், நோய் முற்றும்வரை காத்திராமல் முதல்நாளிலிருந்தே எல்லாச் சிகிச்சையையும் ஒருங்கே செய்யும் ஒழுங்கைத் தொடங்கினார். அதன் அடிப்படையே இன்றும் பின்பற்றப்படுகிறது. காலையும் மாலையும் சளியை வெளியேற்றப் பயிற்சி செய்ய வேண்டும். சிறு பிள்ளையாயின் தாயோ தந்தையோ மடியில் சரித்துக் கிடத்தி, கையைக் குவித்து முதுகிலும் மார்பிலும் தட்டிக் கொடுப்பர். உப்புநீர்ப் புகாரையும் சளி இளக்கும் மருந்தையும் உள்ளிழுக்க வேண்டும். கிருமி தங்கினால் நுண்ணுயிர்கொல்லி மருந்துகள் வேண்டும். ஒவ்வொரு சாப்பாட்டோடும் சமிபாட்டு நொதியம் உட்கொள்ள வேண்டும். நெய், பால், முட்டை முதலிய வலுவான உணவு தாராளமாக வேண்டும். நம்போன்ற வெப்பதேசத்திலே உப்பும் நீரும் வைத்தியர் சொல்லும் அளவுக்கு மேலதிகமாகக் கொடுக்க வேண்டும். பொங்கலாயினும் தீபாவளியாயினும் இவ்வொழுங்கு தவறக்கூடாது. நித்திய பூசைபோல இதனைச் செய்யும் குடும்பத்துக்கு ஒருநாளும் விடுமுறை இல்லை.

இன்னுமொரு கொடுமை உண்டு. இந்நோயுள்ள இருவர் அருகருகே இருத்தல் ஆகாது. ஒருவர் சுவாசப்பையிலுள்ள கிருமி மற்றவருக்குத் தொற்றினால் அது உயிருக்கே ஆபத்தாகும். முன்னர் மேல்நாடுகளிலே இப்பிள்ளைகளுக்கென்று கோடைகால முகாம்கள் நடத்தினர். கிருமி தொற்றுவது தெரிந்தபின் அவை நிறுத்தப்பட்டன. தன் துன்பத்தை முற்றும் அறிந்த ஒரே தோழனை எட்டி நின்றே பார்க்க வேண்டும்! ஆகவே சுகதேகிகளாகிய நாம் அவர்களுக்குத் தோழராக வேண்டியது இரட்டிப்புக் கடமையாகிறது. அவர்களுடைய இருமல் நம்மைத் தொற்றும் கசரோகமன்று. வகுப்பிலே இருமும் பிள்ளையைத் தனி வாங்கில் இருத்துவது அறியாமை.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. அடைபட்ட குளோரைட்டு வாயிலையே திறக்கச் செய்யும் மருந்துகள் தோன்றிவிட்டன. முதலாவது 2012இல் அமெரிக்காவிலே அனுமதி பெற்றது. மூன்று மருந்துகள் சேர்ந்த வலிமைமிக்க குளிசை 2019இல் வந்தது. சுவாசப்பை மாற்றுச் சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்த சிலர் அதனை உண்டபின் அப்பட்டியலிலிருந்தே நீங்கினர். மேல்நாட்டு நோயாளர் இன்று ஐம்பது வயதைக் கடந்து வாழ எதிர்பார்க்கலாம். ஆனால் 2019இல் அம்மருந்துக்கு அமெரிக்காவிற் குறித்த விலை ஆண்டுக்கு மூன்று இலட்சம் டொலருக்கு மேல். அன்றியும் எல்லா மாற்றங்களுக்கும் அது பலன் செய்யாது. உபகண்டத்தாரிடையே காணப்படும் மாற்றங்களிற் பல ஐரோப்பியரிடையே அரியவை. மருந்து இருந்தும் எட்டாதிருப்பது மருந்தே இல்லாமையிலும் கொடிது. எத்தனை பேர் நோயுற்றிருக்கின்றனர் என்று எண்ணப்படாத நாட்டுக்காக எவரும் விலை குறைக்கமாட்டார், ஆராய்ச்சியும் செய்யமாட்டார். ஆகையால் நோயை மறைத்தல் ஒரு வீட்டின் நட்டம் மாத்திரமன்று; எல்லா நோயாளரின் நட்டமுமாம்.

இவ்விடத்திலே ஊழ்வினையைப் பற்றி ஒரு வார்த்தை. நோயுள்ள பிள்ளையின் பெற்றோரைப் பார்த்து 'முற்பிறப்பிற் செய்தது' என்று சொல்வோர் நம்மிடையே உளர். வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதன்பின் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். முன்னதை மாத்திரம் படித்து நின்றுவிடுவது அரைக் கல்வி. திருநாவுக்கரசு சுவாமிகளின் வரலாற்றை நினைந்து பாருங்கள். சூலைநோய் வந்தபோது சமணமுனிவர்களின் முயற்சிகள் பலிக்கவில்லை. அப்பொழுது அவர் நோயை மறைத்துக்கொண்டு ஒளிந்திருக்கவில்லை. தமக்கையார் திலகவதியாருக்குச் சொல்லி அனுப்பினார். தமக்கையாரும் 'நீ செய்ததன் பயன்' என்று கதவை அடைக்கவில்லை. திருவதிகைக்கு வந்த தம்பியாரை ஏற்றுத் திருநீறு கொடுத்துச் சந்நிதிக்கு அழைத்துச் சென்றார். நோயுற்றவர் வாய்திறந்து சொல்வதும், உற்றார் இரங்கி ஏற்பதும் நம் சமயம் காட்டிய வழி. நேர்த்திக்கடன் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. நேர்த்தி வைத்த கையோடு வைத்தியசாலைக்கும் போங்கள் என்றே சொல்லுகின்றோம்.

திருமண விடயம் இதனோடு பிணைந்தது. 'வெளியே தெரிந்தால் தங்கைக்குக் கலியாணம் சரிவராது' என்ற அச்சமே பல வீடுகளில் வாயை அடைக்கிறது. உண்மை என்ன? நோயுற்றவரின் சுகமான சகோதரி காவியாயிருக்க மூன்றில் இரு பங்கு இடமுண்டு. ஆயினும் காவியல்லாத ஒருவரை அவள் மணந்தால் அவள் பிள்ளைகளுக்கு இந்நோய் வராது. இடர் மறைவிலேதான் இருக்கிறது. சிறப்பாக, மச்சான் மச்சாள் முறையிற் சொந்தத்துக்குள் மணம் செய்யும் வழக்கம் நம்மிடம் உண்டு. உடன்பிறந்தாரின் பிள்ளைகள் தம் பரம்பரையலகுகளில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டிருக்கின்றனர். ஒரு பாட்டனிடமிருந்த பழுது இருவழியாலும் வந்து ஒரு பேரக்குழந்தையிற் சேர்வதற்கு அங்கே வாய்ப்பு மிகும். சொந்தத்துக்குள் மணப்பதே குற்றமென்று நாம் கூறவில்லை. இத்தகைய நோய் குடும்பத்திலே தோன்றியிருந்தால், நாள் வைக்குமுன் வைத்தியரைக் கேளுங்கள் என்கிறோம். தலசீமியா என்னும் குருதிநோய்க்காகத் திருமணத்துக்கு முன் பரிசோதனை செய்யும்படி நம் நாட்டிலே ஏற்கெனவே அறிவுறுத்தப்படுகிறது. சாதகப் பொருத்தத்தில் பத்தும் பார்க்கும் நாம் பதினோராவதாக இதனையும் பார்த்தால் குறைந்துபோக மாட்டோம்.

இளைஞர்களே! உங்களாற் செய்யக்கூடியவை பல. கிராமத்துக்குக் கிராமம் தாய்மார் கூடுமிடங்களில் மேற்சொன்ன அடையாளங்களை எடுத்துச் சொல்லுங்கள். நெடுநாள் இருமும் பிள்ளையின் பெற்றோருக்கு, மருந்துச் சீட்டுகளையும் படங்களையும் ஒரே கோவையில் ஒழுங்காகச் சேர்த்து வைக்க உதவுங்கள். தூரத்து வைத்தியசாலைக்குப் போகத் துணையும் பஸ் செலவும் இல்லாதவர்களுக்குச் சங்கநிதியிலிருந்து கொடுங்கள். திருவிழாக் காலத்தில் தண்ணீர்ப்பந்தல் வைத்து வழிப்போக்கரின் தாகந் தீர்க்கும் சங்கம் இது. மூச்சுக்குத் தவிப்பவனுக்கும் ஒரு பந்தல் அமைக்க அதனால் முடியும்.

நோயின் பெயரைக் கேட்கும் நாள் குடும்பத்துக்கு இடிவிழுந்த நாளாகத் தோன்றும். உண்மையிலே அன்றுதான் சிகிச்சை தொடங்குகிறது. அந்த நாள் நம்மவர்க்கு ஓராண்டாவது முந்தி வருமாறு செய்வோம். எல்லாம்வல்ல இறைவன் அதற்கு வேண்டிய அறிவையும் துணிவையும் நமக்குத் தந்தருள்வானாக.